களி கலந்த மணல்

துணுக்காயில் விமலேஸ்வரியின் சீமெந்துக் கல்லுக்குத் தனி மதிப்பு. புருசன் நோயில் போன பிறகு, முற்றத்தில் சீமெந்துக் கலவையை அச்சில் அடித்துத் தானே கல் அரியத் தொடங்கியவள். மணலில்தான் அவளுடைய கவனமெல்லாம். வந்த மணலில் ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பாள்; சேறு ஒட்டினால் மணல் ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள்.

புருசனின் தம்பி சுகிர்தன் அவளுக்கு மணல் ஏற்ற வந்த பிறகு அந்தச் சோதனை நின்றுபோனது. அகதி முகாமில் இருந்த காலத்தில் தன் பங்குச் சோற்றைப் பிரித்துக் கொடுத்து அவனை வளர்த்தவள் அவள். அவன் கொட்டிவிட்டுப் போகும் மணலைத் தேய்த்துப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மாரி தொடங்கியதும் பக்கத்து ஒழுங்கை மீனம்மா ஒரு கல்துண்டோடு வந்தாள். அவளுடைய புதுக் குசினிச் சுவர் மூலையோடு சரிந்துவிட்டதாம்.

"உன்ர பேரை நம்பித்தானே வாங்கினனான், பிள்ளை" என்று துண்டை விரலால் நெரித்தாள். அது பிட்டு மாதிரி உதிர்ந்தது.

விமலேஸ்வரி பின்வளவுக்கு ஓடி, மணல் கும்பிக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளினாள். மேலே ஆற்று மணல். உள்ளே முழுக்கக் களி.

பின்னேரம் சுகிர்தன் வந்தபோது அதை அவன் முன்னால் நீட்டினாள்.

"இது என்ன, தம்பி?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "நல்ல மணல் கிடைக்கிறது கஷ்டம், அண்ணி. கிடைக்கிறதை என்ர வேலைக்கு எடுக்கிறன்."

"உனக்கென்ன வேலை?"

"சந்தியில நானும் கல் அரியப் போறன்."

"அதுக்காக எனக்குக் களியைத் தந்தனியோ?"

"உங்கட கல்லுக்கு நல்ல பேர் இருக்கெல்லோ. ஒருத்தரும் சந்தேகப்படாயினம் எண்டு நினைச்சன்."

அந்நியன் செய்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். இவனை எந்தப் பெயர் சொல்லி ஏசுவது?

மறுநாள் அடுக்கியிருந்த கல் முழுவதையும் சம்மட்டியால் தானே உடைத்தாள். வேறொருவரிடம் மணல் எடுத்து, அரித்து, மீனம்மாவின் சுவருக்குப் புதுக் கல் போட்டுக் கொடுத்தாள். ஆனாலும் ஊரில் கதை பரவிவிட்டது. வாடிக்கைக்காரர் பலர் சந்தியில் சுகிர்தன் அரியத் தொடங்கிய கல்லுக்கே போனார்கள். "அதுவும் அந்தக் குடும்பத்துக் கல்தானே" என்று அவர்கள் சொன்னது அவளை இன்னும் சுட்டது.

தை பிறந்ததும் சுகிர்தன் சந்தியில் புதிதாகக் கட்டிய கல் கடையைப் பால் காய்ச்சித் திறந்தான். அவளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தான்.

"போகேல்லையோ?" என்று மீனம்மா கேட்டாள்.

"அங்க எனக்கு ஆர் இருக்கினம், போறதுக்கு?" என்றவள், ஈரம் காய்ந்துகொண்டிருந்த புதுக் கல்லுகளுக்குத் தண்ணீர் அடிக்கப் போனாள்.