கரும்பலகைக்கு நான் கூப்பிடாத பெயர்

என் மகன் திருப்பூரில் நலமாக இருந்தான். ஆனாலும் பல ஆண்டுகள் அவன் என்னை "அப்பா" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாதா எனக்குச் செய்த நன்மையைச் சொல்லும் முன், என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதத் துறைத் தலைவராக இருந்தேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வந்தவுடன் ஒரு தேர்வு வைப்போம். நன்றாகச் செய்தவர்கள் மேல் வகுப்புக்கு. மற்றவர்கள் அடிப்படையிலிருந்து தொடங்கும் வகுப்புக்கு. மயிரிழையில் தவறியவர்களைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். போட்டுவிட்டால் மேல் வகுப்பு. அது என் வழக்கம்.

ஓர் ஆண்டு என் மகன் அருளும் சேர்ந்தான். ஒரு மதிப்பெண்ணில் தவறினான்.

"தம்பியயும் கூப்பிட்டுடலாமா சார்?" என்று உடன் வேலை பார்த்தவர் கேட்டார். வேண்டாம் என்றேன். வாத்தியார் தன் பிள்ளையை மேலே ஏற்றிவிட்டார் என்று யாரும் பேசிவிடக் கூடாது. மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைத்தேன். அருள் கடைசிவரை கதவருகே நின்றான். அவனைக் கடந்துதான் வெளியே வந்தேன்.

"ஊரான் வூட்டுப் புள்ளைங்கள எல்லாம் கூப்பிட்டீங்க. நம்ம புள்ள என்னங்க பண்ணுச்சு?" என்றாள் என் மனைவி. நீதி, நேர்மை என்று ஏதோ சொன்னேன்.

சில வாரங்களில் அவன் படிப்பை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். அங்கேயே கல்யாணமாகி ஒரு மகளும் பிறந்தாள். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். அவள் போனோடு கொல்லைக்குப் போவாள். நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுப்படியில் நின்று கேட்பேன். அவள் இறந்தபின் அதுவும் நின்றது. அடக்கத்துக்கு வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைதோறும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பஸ் ஏறினேன். "அவன் மனதை மாற்று தாயே" என்று வெகுகாலம் ஜெபித்தேன். ஒருநாள் ஜெபமாலை பாதியில் நின்றது. மாற வேண்டியது அவன் மனமா? "அவனைக் கூப்பிட எனக்குப் பலம் கொடு" என்று மட்டும் கேட்டேன்.

அன்றே போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அடுத்த சனியும் எடுக்கவில்லை. நான் விடவில்லை.

போன ஜூன் மாதம், கோயிலிலிருந்து திரும்பும்போது, திருமானூரில் பஸ் நிற்கையில் போன் அடித்தது.

"அப்பா, பாப்பாவ காலேஜ்ல கீழ் கிளாஸ்ல போட்டுட்டாங்க. கொஞ்சத்துல போயிடுச்சு. என்னன்னு போயி கேக்குறது?"

"போர்டுல ஒரு கணக்குப் போட வுடச் சொல்லிக் கேளு" என்றேன். "ஒன்ன நான் கூப்பிட்டிருக்கணும் அருளு. ஊரு வாய்க்குப் பயந்துட்டேன்."

"தெரியும்ப்பா. நீங்க வாயால சொல்லணும்னுதான் இருந்தேன்."

பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் என் கண்ணீரைப் பார்த்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பேத்தியைக் கூப்பிட்டார்கள். போட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு அருள் வீட்டுக்கு வந்தான், தலை நரைத்து. சாப்பிட்டதும், "அன்னைக்கு அவங்களுக்கு என்ன கணக்குப்பா குடுத்தீங்க?" என்றான். சொன்னேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் போடத் தொடங்கினான். பாதியில் பேனா நின்றது.

"மறந்துபோச்சுப்பா. அன்னைக்குன்னா போட்டிருப்பேன்."

கோபமில்லாமல்தான் சொன்னான். அந்த நாளை இனி யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் என் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாதாவுக்கு நன்றி.

நீங்களும் யாரையாவது கூப்பிடாமல் கடந்து வந்திருந்தால், அந்தத் தாயிடம் பலம் கேட்டு இன்றே கூப்பிடுங்கள். எடுக்காவிட்டாலும் கூப்பிடுங்கள்.