கூழுக்குள் மண், மிக்க நன்றி!

ஒரு கடைக்காக முகநூலில் பதில் எழுதுவது, செய்யாத குற்றத்துக்குச் சிரித்த முகத்துடன் மன்னிப்புக் கேட்கும் உத்தியோகம். என்னைப் போல அதில் மாட்டிக்கொண்டவர்களே, கேளுங்கள். எங்கள் கடை சரவணைக் கிராமத்தில். விற்பது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் பனம்பழப் பனாட்டும். வாங்குவது வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சனம்.

ஆற்றை மகள்?

கொழும்பில் ஏதோ வகுப்புக்குப் போய்வந்த முதலாளி, வாடிக்கையாளரோடு உறவை வளர்க்கச் சொன்னார். வளர்க்க என்ன இருக்கிறது? எல்லாரும் ஏற்கெனவே உறவுதான். பனாட்டுப் படம் போட்டேன். விலை கேட்டவர் ஒருவர். நான் யாருடைய மகள் என்று கேட்டவர்கள் பதினொரு பேர். அப்பாவின் பெயரைச் சொன்னதுதான் தாமதம், லண்டன் அக்கா ஒருவர் எழுதினார்: "அப்ப எங்கட ஆள்தானே, தபால் காசை விட்டுப்போட்டு அனுப்பும்."

ஒரே பதில்

எல்லாக் கருத்துக்கும் போட முதலாளி ஒரே வசனத்தை எழுதித் தந்திருந்தார்: "உங்கள் அன்புக்கு மிக்க நன்றி, இணைந்திருங்கள்." ஒரு சொல் மாற்றினாலும் வேலை போய்விடும். என் சம்பளத்தில்தான் என் இரண்டு பிள்ளைகளின் ரியூசன் ஓடுகிறது.

ரொறொன்ரோ அக்கா ஒருவர், எங்கள் மாவில் கூழ் காய்ச்சியதாகவும், குடித்த பதினாலு பேருக்கும் பல்லுக்குள் மண் கரகரத்ததாகவும் எழுதினார். வெட்கத்தோடு அதே வசனத்தைப் போட்டேன். உடனே வந்தது: "ஏன் தங்கச்சி, மண்ணுக்கும் நன்றியோ?"

அழித்தால் போகுமா?

முதலாளி அந்தக் கருத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன். மறுநாள் கூழ் குடித்தவர்கள் வரிசையாக வந்து எழுதினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "மண் இருந்தது உண்மை. மாவை ஒழுங்காக அரிக்காதது எங்கள் பிழை. புது மா அனுப்புகிறோம்" என்று போட்டுவிட்டேன்.

முதலாளி பாய்ந்து வந்தார். "மண் எண்டு எங்கட வாயாலை சொல்ல உமக்கு ஆர் சொன்னது? நாளைக்கு வரவேண்டாம்!" நான் பையை எடுத்தேன். அப்போது அவருடைய போன் அடித்தது. ரொறொன்ரோவில் இருக்கும் அவருடைய மாமியார். அவர் பேசினால் அறை முழுக்கக் கேட்கும்.

"தம்பி, உந்தக் கூழ் குடிச்ச பதினாலு பேரிலை நானும் ஒராள். பிள்ளை எழுதினது சரி. அவவைக் கலைச்சீங்களெண்டா அடுத்த கொமென்ட் நான் போடுவன்."

இப்போது எல்லாருக்கும் நான் உண்மையைத்தான் எழுதுகிறேன். மாமியாருக்கு மட்டும் முதலாளி தன் கையாலேயே எழுதுகிறார், "உங்கள் அன்புக்கு மிக்க நன்றி, இணைந்திருங்கள்" என்று.