வாலறுந்த சொல்

கட்டட வேலைக்கு வந்த புதிதில் அவள் செங்கல் சுமந்தாள். சாமான் ஏற்றும் லிஃப்டை ஓட்டியவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோது, "நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், எனக்கு வரும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அந்தப் பொத்தான்களுக்கு முன்னால் போய் நின்றாள். நின்றவள் நகரவே இல்லை. பிறகு பயிற்சி, பரீட்சை, லைசென்ஸ் என்று ஒவ்வொன்றாக முட்டி மோதி, நாற்பது வயதில் டவர் கிரேனின் உச்சியில் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் மேலக்கா. மேலக்கா இறங்கிவிட்டாள் என்றால் டீ நேரம் என்று அர்த்தம்.

அவள் கணவனுக்கும் அங்கேதான் வேலை. கிரேன் தூக்க வேண்டிய சுமைக்கு வாரும் கொக்கியும் மாட்டுவது, மேல்தளத்தில் அது வந்து இறங்கும்போது பிடித்து இடத்தில் உட்கார வைப்பது. அதனால் அவன் பெயர் கொக்கி. "நான் கட்டுறேன், அவ தூக்குறா. வீட்டுலயும் அதே கதைதான்" என்பான் எல்லோரிடமும். அவன் அதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார், அதுதான் அவளுக்கு எரிச்சல்.

வேலையைப் புது கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டதும் வாக்கி-டாக்கியில் இனி இங்கிலீஷ்தான் என்று உத்தரவு வந்தது. பரீட்சைக்காகப் படித்த அப், டவுன், ஸ்டாப் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மனிதர்கள் அப்படியா பேசுகிறார்கள்? ஹேங் ஆன் என்கிறார்கள், கேரி ஆன் என்கிறார்கள். ஒன்றுக்கு நிறுத்த வேண்டும், மற்றதற்கு நிறுத்தக் கூடாது. சுமை இல்லாத நேரங்களில் கூண்டுக்குள் உட்கார்ந்து போனில் இங்கிலீஷ் பாடம் கேட்கத் தொடங்கினாள். பாடம் சொன்ன பெண்ணின் குரல் தேன் மாதிரி இருந்தது. சொன்ன விஷயம்தான் தொண்டையில் இறங்கவில்லை.

"சொல்லு ஒண்ணுதாங்க. பின்னாடி ஒரு வாலை ஒட்டுறான், அது வேற ஆளா மாறிடுது" என்றாள் ஒருநாள், அடுப்பில் குழம்பைக் கிண்டியபடி. "லுக்னா பாரு. ஆஃப்டர்னா அப்புறம். லுக் ஆஃப்டர்னா என்ன சொல்லுங்க?"

"அப்புறம் பாரு."

"இல்ல. நல்லாக் கவனிச்சுக்கன்னு அர்த்தம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கொக்கி நிமிர்ந்தான். "நல்லவேளை, கல்யாணத்துல உங்கம்மா தமிழ்ல சொன்னாங்க. இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா அப்புறமாப் பாத்துக்கலாம்னு விட்டிருப்பேன்."

அந்த வாரப் பாடத்தில் பாஸ் வந்தது. பாஸ் என்றால் தேர்ச்சி பெறுவது என்றுதான் அவளுக்குத் தெரியும். பாஸ் அவே என்றால் ஒருவர் இறந்துபோனதை மரியாதையாகச் சொல்வது என்று தேன்குரல் விளக்கியது. அதே சொல்லுக்கு இன்னும் வால்கள் இருந்தன. அதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

சம்பவம் நடந்த நாளில் அவர்களுடைய சிக்னல்காரருக்குக் காய்ச்சல். கிரேன் ஓட்டுபவருக்குச் சுமை தெரியாத இடங்களில் அவர்தான் கண். பல வருடமாக அவர் குரலைக் கேட்டுத்தான் அவள் கை நகரும். அன்று கட்டடத்தின் பின்பக்கம், மேல்தளத்தில், கண்ணாடிப் பலகைகளைச் சட்டத்துக்குள் இறக்க வேண்டும். கூண்டிலிருந்து பார்த்தால் கம்பி வடம் கட்டடத்தின் விளிம்பைத் தாண்டி மறைவது வரைதான் தெரியும். அதற்கப்பால் எல்லாம் குருட்டு வேலை. மதியத்துக்கு மேல் காற்று பலமாகும் என்று அறிவிப்பு வேறு வந்திருந்தது. சிக்னல்காரர் இல்லை, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கொக்கி சொல்லிப் பார்த்தான். புது இன்ஜினியர் வாக்கி-டாக்கியைத் தானே எடுத்துக்கொண்டார். வெளியூர்க்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கெட்டவர் இல்லை. அவர் தலைக்கு மேலே இருந்தவர்கள் காலையிலிருந்து அவரை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் சில பலகைகள் சுமுகமாக இறங்கின. அடுத்த பலகைக்கு முன்பே காற்று வந்துவிட்டது. கூண்டு லேசாக ஆடுவதை அவள் இடுப்பில் உணர்ந்தாள். காதில் இன்ஜினியரின் குரல், டவுன், டவுன், ஈஸி என்றது. அவள் மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். எதிரே எடை காட்டும் திரையில் எண் குறையத் தொடங்கியது. பலகையின் அடிப்பக்கம் சட்டத்தில் உட்காருகிறது என்று அர்த்தம். அங்கே விளிம்பில் பெல்ட்டைக் கம்பியில் மாட்டிக்கொண்டு கொக்கி நிற்பான், பலகை சுழலாமல் இருக்க அதன் கயிற்றைப் பிடித்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"பிக் இட் அப்" என்றது குரல். அவசரக் குரல். "கமான், பிக் இட் அப்."

அவள் ஒரு கணம் தயங்கினாள். உட்காருகிற பலகையை ஏன் தூக்கச் சொல்கிறார்? கோணலாக இறங்கியிருக்குமோ? கேட்டிருக்கலாம். ஆனால் காலையில் இருமுறை திருப்பிக் கேட்டதற்கு அவர் பெருமூச்சு விட்டது காதில் இருந்தது. பிக் அப் என்றால் தூக்கு. சந்தேகமே இல்லாத ஒரே சொல் அது. லீவரை இழுத்தாள்.

சீக்கிரம் ஆகட்டும் என்றுதான் அவர் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஓர் அர்த்தம் உண்டென்பது அவளுக்குத் தெரியாது.

பலகை சட்டத்தை விட்டு எழுந்தது. எழுந்ததும் காற்று அதைப் பாய்மரம் போலப் பிடித்து வெளியே தள்ளியது. காற்றின் இழுப்பு பொறுக்காமல் கொக்கி கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தான். செய்யக் கூடாத காரியம் அது. அவனே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறான். கயிறு அவனை விளிம்புக்கு இழுத்துப்போயிற்று. பெல்ட் பின்னால் பிடித்து நிறுத்தியது. ஒரு கை வானத்தில், இடுப்பு கட்டடத்தில், கால்கள் பாதி அந்தரத்தில்.

இது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. காதில் ஓர் அலறல் மட்டும் கேட்டது. லீவரைப் பட்டென்று விட்டாள். கிரேன் நின்றது.

"ஹோல்ட் ஆன்! ஹோல்ட் ஆன்! நோ, லெட் கோ! லெட் இட் கோ!"

ஹோல்ட் ஆன் என்றால் காத்திரு. போனில் எல்லோரும் சொல்வார்கள். லெட் கோ என்றால் விட்டுவிடு. எதை விட? பலகையையா? மொத்தமாக இறக்கவா? வலது கை லீவர் மேல் இருந்தது. கை தானாக நகரப் போனதை அவள் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இவர் என்னிடம் பேசவில்லை, அங்கே யாரிடமோ பேசுகிறார் என்று திடீரென்று உறைத்தது. பிடித்துக்கொள் என்றும் விட்டுவிடு என்றும் ஒரு மனிதனிடம் கத்துகிறார். அந்த விளிம்பில் கயிறு பிடிக்கிற மனிதன் ஒருத்தன்தான்.

வாக்கி-டாக்கியை அழுத்தி, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவள் குரல் போகவில்லை. இன்ஜினியர் பதற்றத்தில் பேசும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். ஒருவர் அழுத்தியிருக்கும்வரை இன்னொருவர் பேச்சு ஏறாது. மறுபடி அழுத்தினாள். ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. காற்றின் இரைச்சல், ஓட்டம், இங்கிலீஷ், இன்னும் இங்கிலீஷ். அவள் கண்ணை மூடினாள். இத்தனைக்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு தமிழ்க் குரல்.

"எறக்கு... மெதுவா எறக்கு... உள்ள வாங்கு."

அது யாருடைய குரல் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற எல்லாக் குரல்களையும் விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். வலது கை லீவரால் இறக்கி, இடது கை லீவரால் வடத்தைக் கட்டடத்தை நோக்கி உள்ளே வாங்கினாள். அவசரப்பட்டால் பலகை ஊஞ்சலாகத் திரும்பி அவனையே அறையும். "இன்னும்" என்றது குரல். வாங்கினாள். "இன்னும் கொஞ்சம்." பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள். பிறகு "நி..." என்று ஒரு துண்டு மட்டும் வந்தது. நிறுத்தினாள். அதன் பிறகு அந்தக் குரல் கேட்கவே இல்லை.

இன்ஜினியர் ஒருவழியாகப் பொத்தானை விட்டார். மறுபடி அழுத்தியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "ஹீஸ் ஃப்ரீ. ஹீஸ் பாஸ்ட்..." என்றார். மிச்சத்தைக் கரகரப்பு விழுங்கிவிட்டது.

பாஸ்ட்.

"சே எகெய்ன்" என்றாள். பதில் இல்லை. வாக்கி-டாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவர் ஓடிவிட்டார் போலிருக்கிறது. பாஸுக்குத் தேன்குரல் சொல்லித்தந்த ஒரே வால், அந்த அவே, அவள் நினைவில் வந்து தானாக ஒட்டிக்கொண்டது. ஒட்டாதே என்று அவள் அதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள்.

இறங்கி ஓட முடியாது. காற்றில் ஒரு கண்ணாடிப் பலகை தொங்குகிறது. கீழே ஆட்கள் இருக்கிறார்கள். அதைத் தரையிறக்காமல் கூண்டை விட்டு எழுந்தால் இன்னொரு வீட்டில் இழவு விழும். ஃப்ரீ என்றதால் கயிற்றில் இப்போது ஆள் இல்லை என்று மட்டும் தெரியும். கட்டடத்தின் மேலாகத் தூக்கி, முன்பக்கம் கொண்டுவந்து, தரையில் நின்றவர்களின் கையசைவைப் பார்த்து இறக்கினாள். கண்ணீர் கண்ணை மறைத்தபோதெல்லாம் நிறுத்தி, துடைத்து, மறுபடி இறக்கினாள். அன்று அந்தப் பலகையில் ஒரு கீறல்கூட விழவில்லை. பின்னால் அதைச் சொல்லி யாராவது பாராட்டினால் அவள் எழுந்து போய்விடுவாள்.

ஏணி முடிவில்லாமல் இறங்கியது. கட்டடத்தின் மேல்தளத்துக்கு அவள் ஓடி ஏறிச் சேர்ந்தபோது, கொக்கியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கண் திறந்திருந்தது.

"ஏன் இப்படி மூச்சு வாங்குற?" என்றான். "மயக்கம் போட்டுட்டேனாம். எனக்கே ஞாபகம் இல்ல."

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து அவன் பூட்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது என்று ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டாள். சொன்னவர் இன்ஜினியர். அவள் ஏன் அப்படித் தன்னையே பார்க்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. நர்ஸ் ஒருத்தி நடுவில் நின்று இருவர் பேச்சையும் மாற்றிச் சொன்னாள். மேலக்கா எதை நினைத்துக்கொண்டு அந்தப் பலகையை இறக்கினாள் என்று தெரிந்ததும் அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

விசாரணை வைத்தார்கள். சொல்லாததை ஏன் செய்தாய் என்று அவளைக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டு போனாள். இன்ஜினியர் முந்திக்கொண்டு, சொன்னது நான்தான், அந்த இடத்தில் சொல்லக் கூடாத சொல் என்றார். திரையில் எடை குறைந்ததைப் பார்த்தும் கேட்காமல் தூக்கினேன் என்று அவளும் சொன்னாள். கட்டுப் போட்ட தோளோடு வந்திருந்த கொக்கி, கயிற்றைச் சுற்றியது தன் குற்றம் என்றான். மூன்று பேரும் பழியைத் தங்கள் பக்கம் இழுத்ததில் அதிகாரிகளுக்கு யார் மேல் எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் மறைவான இடத்துச் சுமைக்கு, கிரேன் ஓட்டுபவருக்குத் தாய்மொழி எதுவோ அதில்தான் சிக்னல் என்று மாற்றினார்கள். சிக்னல்காரர் வராத நாளில் அந்த வேலையே கிடையாது.

அவள் திரும்பவும் மேலே ஏறினாள். முதல் வாரம் முழுக்க ஏறுவதற்கு முன் வாந்தி எடுத்தாள், யாருக்கும் சொல்லவில்லை. இங்கிலீஷ் பாடத்தை விடவில்லை. முன்பு வெட்கப்பட்டு விழுங்கியதையெல்லாம் இப்போது வாய்விட்டுக் கேட்கிறாள். காதில் விழும் எந்தச் சொல்லாவது புதிதாக இருந்தால் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அதுக்கு என்ன அர்த்தம்?" என்கிறாள். பதில் வரும்வரை கிரேன் நிற்கும். காரணம் தெரியாத புது ஆட்கள் மேலக்காவுக்குக் காது மந்தம் என்று பேசிக்கொள்கிறார்கள். கான்ட்ராக்டர் நேரம் போகிறது என்று முணுமுணுப்பார். முணுமுணுத்துவிட்டு விளக்கமும் சொல்வார்.

கொக்கியின் வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. சாமான் அறையில் வார்களையும் கொக்கிகளையும் சோதித்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தலை வாருவது இடது கையால்தான். வகிடு கோணிக்கொண்டு போகிறது. காலையில் புறப்படும்போது அவள் அவனை வாசலில் நிறுத்தி, சீப்பை வாங்கி, வகிட்டைச் சரிசெய்துவிடுகிறாள். அவனும் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நிற்கிறான்.