வெறும் பெல்ட்டின் காவல்காரன்

ஷிப்டு மாறும்போது பெல்ட் சற்று நேரம் நிற்கும். அந்த இடைவெளியில் கபாசோ குனிந்து அதன் அடியில் புகுவான். வலது கட்டைவிரலை நாக்கில் நனைத்து, ரோலரின் முனையில் அப்பியிருக்கும் சேற்றை ஒரு பொத்தான் அளவுக்குத் துடைப்பான். காதிடுக்கிலிருந்து சாக்பீஸை எடுத்துத் துடைத்த இடத்தில் ஒரு கோடு இழுப்பான். பிறகு விரலைக் கால்சட்டையின் இடது தொடையில் தேய்ப்பான். அந்த இடம் மட்டும் எப்போதும் வெளுத்துக் கிடக்கும். அடுத்த ரோலர். மறுபடி எச்சில், கோடு, தொடை. பெல்ட் ஓடத் தொடங்கியதும் கோடுகளெல்லாம் கரைந்து வெள்ளை வளையங்களாகிவிடும். எந்த ரோலரில் கோடு கோடாகவே நிற்கிறதோ, அது செத்த ரோலர்.

சுரங்கவாயிலிலிருந்து ஆலைவரை செம்புக்கல்லைச் சுமந்துபோகும் பெல்ட் அது. கொட்டிவிட்டு, தலைகீழாகக் கவிழ்ந்து, வெறுமையாகத் திரும்பி வரும். அப்படித் திரும்புகிற பெல்ட்டைத் தாங்கும் கீழ் ரோலர்கள் கபாசோவின் பொறுப்பு. கல் சுமந்த முகம் கீழ்நோக்கி இருப்பதால் நாள் முழுக்க அவன் முதுகில் சேறு சொட்டும். மேல் ரோலர்கள் ஜேரேயின் பொறுப்பு. அவன் இரும்பு நடைபாதையில் வெயில் பட நிற்பான். வருகிற போகிறவர்களெல்லாம் அவனுக்குக் கையசைப்பார்கள். கீழே ஒருவன் இருப்பது, அவன் இருமினால்தான் தெரியும்.

"என்ன மச்சான், வெறும் பெல்ட்டுக்குக் காவலா? எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு பயமா?" என்று மேலிருந்து ஜேரே கத்துவான்.

"போடா எலித்தின்னி. ஒரு பொந்தக் கண்டா நீ பெல்ட்டையே விட்டுட்டு ஓடிருவ."

"குரங்கத் தின்ன வாயிக்கு எலி எளக்காரமாப் போச்சாக்கும்!"

கபாசோ பெம்பா, ஜேரே ங்கோனி. பாட்டன்மார் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக்கொண்ட இனங்கள். இப்போது கேலிமுறை. எந்தச் சொல்லையும் எந்த இடத்திலும் சொல்லலாம், சாவு வீட்டில்கூட. கேட்டவன் கோபப்படக் கூடாது. பிராதாக மேலிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கபாசோவும் கோபப்பட்டதில்லை. ஆனால் குரங்கும் எலியும் காற்றோடு போய்விடும். 'வெறும் பெல்ட்' மட்டும் நெருஞ்சியைப்போல ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

பெல்ட் பிரிவின் மேஸ்திரி ஓய்வு பெற்றார். அவருடைய வெள்ளைத் தலைக்கவசம் யாருக்கு என்று மழைக்காலம் முழுவதும் பேச்சாயிருந்தது. ஜேரேயைவிட கபாசோதான் மூத்தவன். ஜேரேயின் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், கபாசோவும் தட்டினான். தன் கைகள் மட்டும் ஈரத்துணிபோல் ஒலிப்பதாக அவனுக்குத் தோன்றியது.

அன்று சாப்பிடும்போது மனைவி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கத்தோங்கோ அப்பா, உருட்டுன களி கையிலயே காயுது. யார நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஜேரேக்கு வெள்ளத் தொப்பி குடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு அவன் பொண்டாட்டிய சந்தையில பாத்தா ரெண்டு வார்த்த சொல்றேன்."

"சொல்லு. ஒன் புருசன் பல்லக் காட்டியே பதவி வாங்குனான்னு சொல்லு."

"ஒங்களுக்கும் பல்லு இருக்குல்ல? யாரு பூட்டி வெச்சா?"

அவன் கருவாட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

அந்த வாரத்தில்தான், பெல்ட் சற்று தூரம் நுழைந்துபோகும் சுரங்கப்பாதைக்குள் ஒரு கோடு அசையாமல் நின்றது. மற்ற நாளாயிருந்தால் மேஸ்திரியிடம் ஓடியிருப்பான். பெல்ட்டை நிறுத்தி, ரோலரைக் கழற்றி, புதியதை மாட்டியிருப்பார்கள். இப்போது மேஸ்திரி ஜேரே. அவன் முன்னால் போய் நின்று, அந்த வெள்ளைத் தொப்பியை அண்ணாந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். மறுநாளும் விட்டான். சுற்றாத ரோலரின்மேல் பெல்ட் உரசி உரசி, அதன் குழாய் ஒரு பக்கம் தேய்ந்து கரண்டிபோல் மின்னியது. பிறகு அந்தப் பக்கம் பிளந்து, தகரடப்பாவின் மூடியைப்போல் ஒரு விளிம்பு எழும்பியது. பெல்ட்டை நிறுத்தும் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. கபாசோ அந்த விளிம்பையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தான். மேலே ஜேரேயின் சிரிப்பு கேட்டது. அவன் கயிற்றை இழுக்கவில்லை.

தேநீர் வேளையில் ஜேரே தன் செலவில் எல்லோருக்கும் பன் கொடுத்துக்கொண்டிருந்தான். கபாசோவுக்குப் பெரிய பன்னாகத் தேடி எடுத்து நீட்டினான். அதுதான் தாங்கவில்லை.

"டேய் எலித்தின்னி! சுரங்கப்பாதைக்குள்ள கீழ் ரோலர் ஒண்ணு கத்தி தீட்டிக்கிட்டு நிக்கிது. பெல்ட்ட ரெண்டாக் கிழிச்சு ஒங்க பாட்டனுக்குப் போர்க்கச்ச தெச்சுக் குடுக்கப் போவுது, பாத்துக்க!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஒருவனுக்குத் தேநீர் புரையேறியது.

"தைக்கட்டும் தைக்கட்டும். மிச்சத் துணியில ஒன் வாலுக்கு ஒரு உறை போட்டுக்கலாம்," என்றான் ஜேரே.

கபாசோவும் சிரித்தான். சொல்லியாயிற்று. சொல்லவில்லை என்று இனி எவனும் சொல்ல முடியாது. யார் காதிலும் ஏறாதபடி சொன்னது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

தேநீர் முடிந்து எல்லோரும் கலைந்த சற்று நேரத்தில் பெல்ட் கிழிந்தது. துணிக்கடையில் புதுத் துணியைக் கிழிப்பதுபோல் சத்தம், ஆனால் நிற்காமல் நீண்டுகொண்டே போனது. கல் சரிந்து பாதையை மூடியது. ஆலை பசியோடு நின்றுவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை என்றார்கள்.

விசாரணைக்கு வந்தவர் மேலாளர் நலிஷெபோ அம்மா.

"அந்த ரோலர் கெட்டுப்போனது யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

"நான் சொன்னேம்மா," என்றான் கபாசோ. "தேத்தண்ணி நேரத்துல. எல்லாரும் கேட்டாங்க."

"ஜேரே?"

'கேலியாகச் சொன்னான்' என்று ஜேரே சொல்வான் என்று கபாசோ காத்திருந்தான். அதற்குப் பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தான். ஜேரே தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"சொன்னாரும்மா. நாந்தான் சிரிச்சேன்."

ஜேரே தன்னை 'அவர்' என்று சொல்லி கபாசோ அதுவரை கேட்டதில்லை.

வெள்ளைத் தொப்பி கபாசோவுக்கு வந்தது. ஜேரே கீழ் ரோலர்களுக்குப் போனான். முதல் நாள் காலை கபாசோ நடைபாதையில் வெயிலில் நின்று, இத்தனை காலம் கேட்ட வார்த்தையைத் திருப்பி வீசினான்.

"என்ன எலித்தின்னி, வெறும் பெல்ட்டு எப்படி ஓடுது?"

கீழே ஜேரே நிமிர்ந்து நின்றான்.

"நல்லா ஓடுதுங்க ஐயா."

அவ்வளவுதான். மறுநாளும் "சரிங்க ஐயா". மற்ற பெம்பாக்களிடம் அவன் மாறவில்லை. வெல்டரைப் பார்த்து "ஏ குரங்கு, வாலச் சுருட்டிக்கிட்டு ஒக்காரு, நெருப்புப் பட்டுரும்" என்று கத்துவான். வெல்டரும் பதிலுக்குக் கத்துவான். இரண்டு பேரும் கும்மாளமிடுவார்கள். மேலே நின்று கேட்கும்போது கபாசோவுக்கு வயிறெரியும். நேற்று வந்த வெல்டருக்குக் கிடைக்கிற வசவு தனக்கு இல்லையே என்று எரியும். இல்லாத குற்றமெல்லாம் கண்டுபிடித்து அந்த வெல்டரை வேறு ஷிப்டுக்கு மாற்றினான். ஜேரே அந்த ஷிப்டு முடிந்து வரும் வாசலில் வெல்டருக்காகக் காத்திருந்து அவனை வைதான்.

கபாசோவின் மாமன் இறந்தபோது ஜேரே வந்தான். ங்கோனிகள் வந்தால் பிணத்தை வைவார்கள். 'எழுந்திருடா சோம்பேறி' என்பார்கள். குழியில் இறங்கிப் படுத்து வழிமறிப்பார்கள். அழுகிறவர்கள் அழுதுகொண்டே சிரிப்பார்கள். ஜேரே இரண்டு கையாலும் கபாசோவின் கையைப் பற்றி, தலை குனிந்து, ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

"ஏன் அவரு ஒரு வார்த்த பேசல?" என்று கேட்டாள் மனைவி. "நம்ம மாமன எழுப்பி ஒக்கார வெச்சுல்ல திட்டியிருக்கணும்? ரெண்டு பேருக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா திட்டியிருப்பாரு."

அடுத்த மழைக்கு முன் ஜேரே சோல்வேசி ஊரிலுள்ள வேறு சுரங்கத்துக்கு வேலை மாறிப் போய்விட்டான். விடைபெறும்போதும் ஐயாதான்.

அவன் போனபிறகுதான், சுரங்கப்பாதைக்குள் சிந்திய கல்லை அள்ளும் மைலேசி கபாசோவிடம் வாயைத் திறந்தாள். கிழிந்த அன்று அவள் உள்ளேதான் இருந்தாளாம். "பாதி பன்னு கையில, ஜேரே ஓடி வந்தாரு. கும்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. இதச் சொல்லிராதக்கான்னு அப்புறமா வந்து கேட்டுக்கிட்டாரு. 'நான் நம்பி ஓடுனேன்னு தெரிஞ்சா, ஆபத்துன்னு தெரிஞ்சவன் ஏன் கயித்த இழுக்கலன்னு அவனக் கேப்பாங்க. அவனுக்கு வேல போயிரும்'னாரு." கயிற்றுக்குக் கை நீளுமுன் பெல்ட் கிழியத் தொடங்கியபோது ஜேரே அந்த ரோலருக்கு நேர் அடியில் நின்றிருந்தான்.