ஏகாதசிக்குப் பட்டினி கெடந்த ரெண்டு நாயி

எங்கூருக் கம்மாக்கரை ஒடைஞ்சு பள்ளிக்கூடத்துக்குள்ள கெளுத்தி மீனு நீந்துச்சுல்லா, அதுக்கு மறு மார்கழி. நான் பள்ளிக்கூடம் போனதே அந்த மீனப் புடிக்கத்தான். அது கெடக்கட்டும்.

எங்க வீட்ல ஒரே ஈத்துல பொறந்த ரெண்டு ராசபாளையம் நாயி. ஒண்ணு எங்க ஐயா, அதான் அப்பாவோடது. கேப்பைக் களியில செக்குக்காரர் குடுக்குற நல்லெண்ணெய்க் கசடு ஊத்திப் போடுவாக. மத்தது அம்மாவோட அண்ணன், எங்க மாமாவோடது. பட்டாளத்துல இருந்து வந்தவிய. தெனமும் கறிக்கடையில ஆட்டுக் கொழுப்பு வாங்கிப் போடுவாக. அது உருண்டையா மினுங்கும். எங்களது எலும்பு தெரிய நிக்கும்.

வீட்டுக்கு ஒண்ணு போதும், மத்ததைச் சுந்தரபாண்டியத்து அத்தை வீட்டுக்குக் கடலைக்காட்டுக் காவலுக்கு அனுப்பிரணும்னு பேச்சு. எங்க நாயி போயிட்டா எனக்குச் சோறு எறங்காது.

"மாப்ள, ஏகாதசிக்கு ரெண்டையும் கோயிலுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போவோம். எது படுத்திருதோ அது சுந்தரபாண்டியம்"னு மாமா ஐயாகிட்டச் சொல்லிட்டாக.

எங்க வீட்ல ஏகாதசின்னா நாயிச் சட்டியையும் கவுத்திருவோம். நாயும் வீட்டு ஆளுதான, பெருமாளுக்குப் பதில் சொல்லணும்லா.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி கட்டுனோம். நாயி ரெண்டும் பின்னால. ஐயா மொகத்துல ஈயாடல. ஒடம்புல அம்புட்டுக் கொழுப்பு வச்சிருக்குற நாயிக்கு ஒருநாப் பட்டினி என்ன செய்யும்?

பாதி வழியில ஒரு புளியமரத்தடியில மாமா நாயி நாக்கத் தள்ளிப் படுத்திருச்சு. எங்க எலும்பன் கொஞ்ச நேரம் அத மோந்து பாத்துட்டு வண்டிக்கு முன்னால ஓடுது. மாமா அவிய நாயிய ரெண்டு கையிலயும் தூக்கி வண்டியில வச்சாக.

"அண்ணே, சாமிக்கே இன்னும் சப்பரம் கெளம்பல. ஒன் நாயிக்குக் கெளம்பிருச்சே"ன்னா அம்மா.

"சும்மா இருட்டி. என் நாயி ஒழுங்கா விரதம் இருக்கு. ஒங்க நாயி எங்கயோ திருடித் தின்னுருக்கு."

மடவார் வளாகம் கோயில் கோபுரம் தெரியுற வரைக்கும் மாமா எங்க நாயி வாயத் தெறந்து தெறந்து மோந்து பாத்துக்கிட்டே வந்தாக.

மாமா நாயி அத்தை வீட்டுக்குப் போச்சு. அங்க ஏது கொழுப்பு? கடலை எண்ணெய்க் கசடுதான். மறு ஏகாதசிக்கு அதுவும் பட்டினியோட கோயில் வரைக்கும் நடந்தே வந்துச்சு.

எல்லாம் பெருமாளு கிருபைன்னு நெனச்சேன். விரதத்தன்னைக்கு நாயி ஒண்ணுமே திங்கலன்னுதான் எனக்கு நெனப்பு. பொறவு எத்தனையோ நாயி வளத்துத்தான் தெரிஞ்சது. முன்னால நாம ஊட்டுனதத்தான் அது அன்னைக்கு ஒடம்புக்குள்ள இருந்து எடுத்துத் திங்குது. எண்ணெய் சட்டுனு எளகி வரும். ஆட்டுக் கொழுப்பு சட்டியில ஒறைஞ்சு கெடக்குற மாதிரியே அங்கயும் அடம்புடிக்கும் போல.

மாமாகிட்டச் சொல்லியிருந்தா என் வாயையும் மோந்து பாத்திருப்பாக. அவிய பேரன் இப்ப ஒரு நாயி வச்சிருக்கானாம், அதுக்கும் ஆட்டுக் கொழுப்புதானாம். அந்தப் பக்கம் போனா நீ அவன்ட்டச் சொல்லிரு.