பாலத்தில் நின்ற மூன்று முகங்கள்

என் தம்பி அலெக்ஸாண்டருக்கு இல்லாத முகத்தைப் படமாய்க் கீற வராது. எங்கள் கீரி ஊரில் பாதி வள்ளங்களுக்குப் பெயர் எழுதியவன், கடைப் பலகை எழுதியே மகளைத் தாதியாகப் படிக்க வைத்தவன். ஆனால் கண்ணால் காணாத மூக்கு ஒன்றைப் போடச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருப்பான். அந்த மனிதன்தான் நான்கு வருடமாகப் படக்கதைப் புத்தகம் போடுகிறான். அலைமாறன் என்றொரு வீரன், முதுகில் திருக்கை மீனின் செட்டை, கடலுக்கு மேலே பறப்பான். ஐம்பத்திரண்டு வயதில் இந்த விளையாட்டுத் தேவையா என்று நான் கேட்காத நாளில்லை.

ஐந்தாவது இதழில் வில்லனுக்குப் பக்கத்து வீட்டுச் சிங்கராசாவின் முகத்தைப் போட்டுவிட்டான். சிங்கராசா ஒரு வருடம் எங்களோடு கதைக்கவில்லை. அவருடைய மூன்று வள்ளமும் வேறு ஆளிடம் பெயர் எழுதப் போயின. பொல்லைக் கொடுத்து அடி வாங்கின கதை. அதற்குப் பிறகு தம்பி ஒரு புத்தி கண்டுபிடித்தான். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலில் கூடாரம் அடித்துத் தங்குவோம் அல்லவா? அங்கே முன்பின் தெரியாத முகங்களாகப் பார்த்துக் கொப்பியில் கீறிக்கொண்டு வந்தான்.

"இனி ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம் அக்கா" என்றான்.

விசரன்! மடுவுக்கு வந்த சனம் திரும்பி எங்கே போகும்? பாதிச் சனம் இந்த மன்னாரைச் சுற்றித்தானே இருக்கும்.

ஏழாவது இதழ் அச்சகத்திலிருந்து வந்த அதே கிழமைதான் தம்பியின் மகள் டினோஜாவைப் பெண் பேச வந்தார்கள். பிள்ளையும் மாப்பிள்ளை கிறிஸ்ரியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு வருடமாக மனதுக்குப் பிடித்துப் போன விஷயம். பெரியவர்கள் ஓம் என்றால் முடிந்தது. தாயில்லாத பிள்ளை, என் கையில் வளர்ந்தவள். அன்று அவள் சந்தோசத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் வந்து நான் அழுதேன்.

ஐந்து பேர் வந்தார்கள். கிறிஸ்ரி, தகப்பன் யாகப்பர், யாகப்பரின் தம்பிமார் இருவர், கிறிஸ்ரியின் தாய். தாயின் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் பிழை. எல்லாரையும் இருத்திவிட்டுத் தேத்தண்ணி போட வந்தால், பின்னால் என் தம்பி வந்து நிற்கிறான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, பாலத்தில நிக்கிற மூண்டு பேரும் வந்திருக்கினம்."

"எந்தப் பாலத்திலயடா?"

"புத்தகத்தில. அலைமாறனை வளைச்சுப் பிடிக்கிற மூண்டு பேர்."

அட மாதாவே! அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். மன்னார்ப் பாலத்தின் நடுவில் அலைமாறன் செட்டை கிழிந்து நிற்கிறான். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், கைப்பிடிச் சுவரில் ஏறி ஒருவன். கீழே கடல் வற்றிச் சேறு. பறக்கவும் முடியாது, பாயவும் முடியாது.

"முகம்தானே, பகிடி எண்டு சமாளிப்பம்."

"வெறும் முகமில்லை அக்கா. மடுவில எங்களுக்கு மூண்டு கூடாரம் தள்ளி இருந்தவங்கள். நீ கோயிலுக்குப் போயிருந்தனீ. சோத்தில கல்லெண்டு அந்தத் தாய் மனிசியின்ர முகத்தில சோத்துக் கோப்பையால எறிஞ்சது இந்தத் தகப்பன்தான். மற்ற ரெண்டு பேரும் இருந்து சிரிச்சவங்கள்."

 நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து குடியிருப்பான். யாகப்பர் கோப்பையால் எறிந்தால் என்ன, சட்டியால் எறிந்தால் என்ன, என் பிள்ளைக்குப் படாது. இப்படித்தான் நினைத்தேன், ஒளிக்க மாட்டேன்.

"வாயைப் பொத்திக்கொண்டு போய் இரு" என்று அவனை அனுப்பினேன்.

கதிரைகள் நிறைந்துவிட்டன. நடுவில் ஒரு ஸ்டூல்தான் மிச்சம். முன்னால் யாகப்பர், பின்னால் கதவோரமாக அவருடைய ஒரு தம்பி, ஜன்னலோரம் மற்றவர். என் தம்பி அந்த ஸ்டூலிலே போய்க் குந்தினான். டினோஜா தகப்பனில் உள்ள பெருமையில் புதுப் புத்தகத்தை மேசையில் வைத்திருந்தாள். நான் பயித்தம்பணியாரத் தட்டை அதற்கு மேலே வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்! ஜன்னலோரத்து மனிதர் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் புத்தகத்தைப் பிரித்தார்.

"அண்ணை! இது நீங்களெல்லோ?"

யாகப்பர் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னை எங்க கண்டனீர்?"

"மடுவில" என்றான் தம்பி. 

"அங்க நான் என்ன செய்தனான், இப்பிடிக் காடையனாக் கீறுறதுக்கு? சொல்லும்."

சொன்னால் மகளின் கலியாணம் போய்விடும். சொல்லாவிட்டால் தன் வாயாலேயே அந்த மனிதரை நல்லவராக்க வேண்டும். டினோஜா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நிற்கிறாள்.  தம்பி அவளையும் யாகப்பரையும் மாறி மாறிப் பார்த்தான். 

அப்போது அந்தத் தாய் கை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார்.

"சரியாத்தான் கீறியிருக்கிறீங்கள்" என்றார். "அண்டைக்கு நீங்கள் கொப்பியோட இருந்ததைக் கண்டனான். ஒரு ஆளாவது எழும்பி வருமெண்டு பார்த்தனான். நீங்கள் கீறிக்கொண்டிருந்தீங்கள்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"இவன்தான் ஓடிவந்து தூக்கினவன்." மகனைக் காட்டினார். "எப்பவும் இவன்தான். நல்ல பிள்ளை, உங்கட மகளைக் கண்கலங்க விடமாட்டான். ஆனா இனி இவன் இஞ்ச வந்திடுவான். அங்க என்னைத் தூக்க ஆர் வாறது?"

"எழும்படி!" என்று யாகப்பர் கத்தினார். கிறிஸ்ரி எழும்பித் தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் நின்றான். டினோஜா தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த மனிசியின் கையைப் பிடித்தாள்.

"மாமி, நீங்களும் இஞ்ச வந்து எங்களோட இருக்கிறதெண்டால்தான் இந்தக் கலியாணம். இல்லாட்டி வேண்டாம்."

யாகப்பரும் தம்பிமாரும் வெளியே போய்த் தங்கள் வான் வண்டியில் ஏறினார்கள். ஹோர்ன் அடித்தார்கள். நிறுத்தாமல் அடித்தார்கள். அந்த மனிசி அசையவில்லை. என் தம்பிதான் எழும்பினான். நேரே போய், வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.