வெந்நீர்

பட்டினப்பாக்கத்தில் கார் வைத்திருப்பவன் எவனாவது மெஹபூப் பாஷாவைத் தெரியாது என்று சொன்னால், அவன் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். கடல் காத்து சும்மா இருக்குமா? ரெண்டு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் போதும், கதவுப் பூட்டுக்குள் உப்பு இறுகி, சாவி அசையாது. உடனே பாஷாவுக்குப் போன். அவரும் ஃபிளாஸ்க்கில் கொதிக்கிற தண்ணியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டில் ஊத்துவார், சாவியை நுழைத்து அசைப்பார், கதவு திறந்துவிடும். "வெந்நீருக்கு மசியாத பூட்டு ஒண்ணு காட்டு, நான் மீசையை எடுத்துடறேன்" என்பார். மீசை அப்படியேதான் இருந்தது.

மகள் இஃப்ரா மட்டும் மசியவில்லை. ஆம்பூரில் நல்ல இடம் பார்த்து வைத்திருந்தார் மனுஷன். அவளோ கனடாவுக்குப் படிக்கப் போகிறேன் என்று ஒரே பிடியாக நின்றாள். கிளம்புகிற அன்று பூட்டு ரிப்பேர் கடைக்கே வந்து, "போய்ட்டு வரேன் அப்பா" என்றாள். பாஷா ஒரு பூட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "வேலை கீது. அப்புறம் பேசலாம்" என்றார். என்ன மனுஷனோ! பெற்ற பிள்ளையிடம் அப்படியா சொல்வது? சொல்லிவிட்டார். ரெண்டு வருஷமாக அவள் அம்மாவோடு மட்டும்தான் பேசினாள். அவள் போன் வரும்போதெல்லாம் இவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல், காதை மட்டும் அங்கே வைத்திருப்பார்.

போன ஜனவரியில் ஒரு நாள். சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு மந்தைவெளி வீட்டுக்கு டீ குடிக்க வந்திருந்தார். மனைவி அஸ்மத்துன்னிசாவின் போனில் வீடியோ கால். அங்கே இன்னும் விடியவில்லை. இஃப்ரா தெருவிளக்கின் கீழே, கண் மட்டும் தெரிகிற மாதிரி போர்த்திக்கொண்டு நின்றாள்.

"அம்மி, கார் பூட்டு உறைஞ்சு போச்சு. சாவி திரும்பல. இன்னிக்கும் லேட்டா போனா வேலையை விட்டுத் தூக்கிடுவோம்னு சொல்லிட்டாங்க. வேலை போச்சுன்னா நான் இங்க எப்படி இருப்பேன்? அப்பா இருக்காரா? கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுச் சொல்வதாவது! பாஷா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னாம்மா கண்ணு, நான்தான். பயப்படாத. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி எடுத்துனு வா."

"இன்னாங்க, அங்க உப்பு இல்ல, ஐஸு" என்றாள் அஸ்மத்துன்னிசா.

"நீ சும்மா இரு. ஐஸ்னா சூடு பட்டா உருகாதா?"

இஃப்ரா ஓடிப்போய்க் கெட்டிலைக் கொண்டுவந்து ஊத்தினாள். ஆவி பறந்தது. சாவி பாதி திரும்பியது.

"திரும்புது அப்பா!"

அல்லா! அந்தக் கண்ணில் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆச்சு. "பார்த்தியா? உன் அப்பன்டி. இன்னும் ஒரு கெட்டில் ஊத்து, தன்னால தொறக்கும்."

அவள் சாவியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். பட்டினப்பாக்கத்தில் ஊத்தின தண்ணியை வெயில் குடித்துவிடும். அங்கே குடிக்க வெயில் ஏது? அவள் ரெண்டாவது கெட்டிலோடு வருவதற்குள் பூட்டுக்குள் போன தண்ணி மறுபடி இறுகி, சாவியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஊத்திப் பார்த்தாள். அசையவில்லை.

"கொஞ்சம் அழுத்தித் திருப்பு கண்ணு."

டக் என்றது. பாஷாவுக்கு அது தெரியாத சத்தமா? சாவி பாதி அவள் கையில், பாதி பூட்டுக்குள். பழைய வண்டி, அந்த ஒரு சாவிதான்.

இஃப்ரா கையில் இருந்த சாவித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பரவால்ல அப்பா. நான்தான் கேட்டேன்" என்றாள். போன் கட்டானது.

நாலு நாள் கழித்து அம்மாவுக்குப் போன் செய்தாள். வேலை போய்விட்டது. அறையைக் காலி செய்து ஒரு சிநேகிதி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாளாம். பாஷா இந்தத் தடவை பேப்பர் எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"அப்பா இங்கதான் கீறாரு. குடுக்கட்டுமா?" என்றாள் அஸ்மத்துன்னிசா.



"வேலை தேடிப் போகணும் அம்மி. அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க."

ஸ்பீக்கரில்தான் இருந்தது. அஸ்மத்துன்னிசா அவர் முகத்தைப் பார்க்காமல் போனைக் கீழே வைத்தாள். அந்த அப்புறம் எத்தனை வருஷம் என்று அவருக்குத் தெரியாதா? அதைக் கொடுத்து அனுப்பினவரே அவர்தானே.